வீட்டை விற்றுவிட்டுத் தேடுவதா? தேடிய பிறகு விற்பதா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள். வீட்டை மாற்றிப் பார்த்தவர்களைக் கேட்டால், அதையும் இந்தப் பழமொழியில் சேர்க்கவேண்டும் என்று சொல்லுவார்கள்!

வாடகை வீட்டில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வேறு வீடு பிடித்திருந்தால், வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சாமான்களை வண்டியில் ஏற்றிவிடலாம்.

சொந்த வீட்டுக்காரர் அப்படிக் கிளம்ப முடியாது. அவருடைய பணம் எல்லாம் அந்த வீட்டின் சுவரிலும் கூரையிலும் இருக்கிறது. அதை விற்றால்தான் அடுத்த வீட்டுக்குப் பணம் வரும். விற்றுவிட்டாலோ இருக்க இடம் இல்லை!

"நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கிறது. கொடுத்துவிடலாம்" என்பார் கணவர்.

"கொடுத்துவிட்டு எங்கே போவது? பிள்ளைகளையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பதா? முதலில் ஒரு வீட்டைப் பாருங்கள்" என்பார் மனைவி.

இதில் யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இரண்டிலும் லாபம் உண்டு. இரண்டிலும் ஆபத்தும் உண்டு. அவை என்ன என்று தெரிந்துகொண்டால், அகப்பட்டுக்கொள்ளாமல் தப்பிக்கலாம்.

முதலில் விற்றால்...

முதலில் விற்றுவிடுவதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது திட்டவட்டமாகத் தெரிந்துவிடும். அந்தப் பணத்துக்குள் வீடு தேடலாம். பணத்தைத் தயாராக வைத்திருப்பவரிடம், வீடு விற்பவரும் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.

பழைய வீட்டை விற்பதிலும் அவசரம் இருக்காது. "இந்த விலை வந்தால் விற்போம். இல்லாவிட்டால் இருப்போம்" என்று காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம்.

விற்றபிறகு என்ன ஆகும்? அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது.

அடுத்த வீடு கிடைக்கும்வரை வாடகை வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கு அட்வான்சு, மாத வாடகை. கட்டிலும் பீரோவும் ஒருமுறைக்கு இரண்டுமுறை வண்டி ஏறவேண்டும். வயதான தாயாருக்கு இரண்டு புது இடங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே. ரேஷன் கார்டு, கியாஸ், வாக்காளர் பட்டியல் என்று விலாசத்தை இரண்டுமுறை மாற்றவேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது பணம் கரைவது!

வீடு விற்ற பணம் பாங்கியில் இருக்கிறது என்ற செய்தி உறவினர் மத்தியில் வேகமாகப் பரவிவிடும். வியாபாரத்துக்கு ஒருவர் கேட்பார். கல்யாணத்துக்கு ஒருவர் கேட்பார். "3 மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்பார்கள். வீடாக இருந்தவரை அதை யாரும் கைமாற்றாகக் கேட்கவில்லை. பணமாக மாறியதும் கேட்கிறார்கள்!

வெளியார் கேட்காவிட்டாலும், வீட்டுக்குள்ளேயே செலவு முளைக்கும். நகை வாங்கலாம், வண்டி வாங்கலாம் என்று தோன்றும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பணம் குறைந்திருக்கும். வீட்டு விலையோ ஏறியிருக்கும். விற்ற வீட்டைப்போல் ஒன்றைத் திரும்ப வாங்கவே முடியாமல் போய்விடும்.

முதலில் வாங்கினால்...

முதலில் வாங்கிவிட்டால் வாடகை இல்லை. இரட்டை அலைச்சல் இல்லை. புது வீட்டுக்கு நிதானமாக வெள்ளை அடிக்கலாம். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம். பிறகு பழைய வீட்டைக் காலி செய்து விற்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், பணம்?

பெரும்பாலான குடும்பங்கள் என்ன செய்கின்றன தெரியுமா? புது வீட்டைப் பார்த்ததும் மனம் அதில் ஒட்டிக்கொள்கிறது. "இன்னொருவர் கொத்திக்கொண்டு போய்விடுவார்" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். நகையை அடகு வைத்து 5 லட்சம் ரூபாய் அட்வான்சு கொடுத்துவிடுகிறார்கள். 3 மாதத்தில் பாக்கிப் பணம் தருவதாகக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள்.

அதன் பிறகுதான் பழைய வீட்டை விற்பதற்கு ஆள் தேடுகிறார்கள்!

ஒரு மாதம் போகிறது. இரண்டு மாதம் போகிறது. வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கிறார்கள். "சொல்லி அனுப்புகிறோம்" என்று போய்விடுகிறார்கள். இதற்குள், "இவர் அட்வான்சு கொடுத்துவிட்டார். அவசரத்துக்கு விற்கிறார்" என்ற விஷயம் தரகர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான்! 60 லட்சம் பெறும் வீட்டை 52-க்குக் கேட்பார்கள். கெடு நெருங்க நெருங்க விலை இறங்கும்.

விற்காவிட்டால் அட்வான்சு போய்விடும். விற்றால் அடிமாட்டு விலைக்கு விற்கவேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது இதுதான்!

பழைய வீடு விலைபோகும்வரை கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இதற்கென்றே சில பாங்கிகள் குறுகிய காலக் கடன் கொடுக்கின்றன. ஆனால் வட்டியைப் பாருங்கள். நூற்றுக்கு 10 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால், 50 லட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதம் ஏறக்குறைய 41 ஆயிரத்து 700 ரூபாய் வட்டி மட்டும் ஆகும். பழைய வீடு 6 மாதம் விற்காமல் நின்றால் இரண்டரை லட்சம் ரூபாய் வட்டியிலேயே போய்விடும்!

மனக்கணக்கும் உண்மைக் கணக்கும்

எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யுமுன், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடவேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பழைய வீடு 60 லட்சம் ரூபாய்க்கு விலைபோகும் என்று நினைக்கிறார்கள். பார்த்து வைத்திருக்கும் வீட்டின் விலை 75 லட்சம். "இன்னும் 15 லட்சம் இருந்தால் போதும்" என்பது அவர்களுடைய மனக்கணக்கு.

உண்மைக் கணக்கு என்ன?

பழைய வீட்டின்மேல் பாங்கிக் கடன் பாக்கி 8 லட்சம் இருக்கிறது. அதைக் கட்டவேண்டும். தரகருக்கு நூற்றுக்கு ஒன்று என்றால் 60 ஆயிரம்.

வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குகிறவர் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்து வருமானவரி இலாகாவில் கட்டவேண்டும் என்பது சட்டம். அது 60 ஆயிரம். இது விற்றவர் பெயரில்தான் வரவு வைக்கப்படும். நஷ்டம் அல்ல. ஆனால் அன்றைக்குக் கையில் இருக்காது.

ஆகவே 60 லட்சத்தில் கைக்கு வருவது 50 லட்சத்து 80 ஆயிரம்தான்.

இனி, வாங்கும் வீட்டுக்கு வருவோம். ஒருவர் குடியிருந்த வீட்டைக் கிரயம் வாங்கும்போது, தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். பத்திரத்தில் எழுதும் விலை, அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பு, இந்த இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இதைக் கட்டவேண்டும். 75 லட்சத்துக்கு 6 லட்சத்து 75 ஆயிரம் ஆகிறது.

தரகு, வெள்ளை அடிப்பது, வண்டிக் கூலி என்று ஒன்றேகால் லட்சம் வைத்துக்கொண்டால், புது வீட்டுக்கு மொத்தம் 83 லட்சம் தேவை.

கையில் வருவது 50 லட்சத்து 80 ஆயிரம். தேவை 83 லட்சம். துண்டு விழுவது 15 லட்சம் அல்ல. 32 லட்சத்து 20 ஆயிரம்!

அவசரத்தில் பழைய வீட்டை 55 லட்சத்துக்கு விற்றுவிட்டால், துண்டு 37 லட்சத்துக்கு மேலே போய்விடும்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, சில குடும்பங்கள் 75 லட்சம் வீட்டை விட்டுவிட்டு 60 லட்சம் வீட்டைத் தேடும். சில குடும்பங்கள் இருக்கும் வீட்டிலேயே மாடியில் ஓர் அறை கட்டிக்கொள்ளும். அதுவும் நல்ல முடிவுதான். அட்வான்சு கொடுப்பதற்கு முன் இந்த முடிவை எடுத்தால் செலவு ஒரு தாள். கொடுத்த பிறகு எடுத்தால் செலவு 5 லட்சம்!

உங்கள் வீட்டை விற்க முடியுமா?

இது என்ன கேள்வி, சொந்த வீட்டை விற்க முடியாதா என்று தோன்றும். பல வீடுகளை உடனே விற்க முடியாது என்பதுதான் உண்மை.

வீடு அப்பா பெயரில் இருக்கும். அவர் உயில் எழுதாமல் காலமாகி இருப்பார். மகன் அந்த வீட்டில் 20 வருஷமாகக் குடியிருப்பார். வரியும் அவரே கட்டுவார். அதனால் மட்டும் வீடு அவருக்குச் சொந்தம் ஆகிவிடாது. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, அப்பா சம்பாதித்த சொத்தில் அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் எல்லோருக்கும் சம பங்கு உண்டு.

பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டிலேயே இந்த உரிமை வந்துவிட்டது. 2005-ம் ஆண்டு இந்தியா முழுமைக்கும் வந்தது.

ஆகவே, கல்யாணம் ஆகிப்போன தங்கையும் கையெழுத்துப் போடவேண்டும். அவர் மலேசியாவில் இருந்தால், அங்கிருந்து அதிகாரப் பத்திரம் வந்து சேரவேண்டும். தங்கைக்கு மனத்தாங்கல் இருந்தால் முதலில் அதைத் தீர்க்கவேண்டும். புது வீட்டுக்கு அட்வான்சு கொடுத்துவிட்டு, 3 மாதக் கெடுவுக்குள் இதையெல்லாம் செய்யமுடியுமா?

அதனால், வீடு தேடக் கிளம்பும் முன்பே, இருக்கும் வீட்டின் தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வரி ரசீது, வில்லங்க சர்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்து ஒரு வக்கீலிடம் காட்டிவிடவேண்டும். பட்டா பழைய பெயரிலேயே இருந்தால் மாற்றிக்கொள்ளவேண்டும். வில்லங்க விவரத்தைப் பத்திரப் பதிவுத் துறையின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். வாங்க வருகிறவர் குறை கண்டுபிடிப்பதற்கு முன், விற்கிறவர் கண்டுபிடித்துவிட்டால் விலை குறையாது.

பத்திரம் பாங்கியில் இருந்தால்

வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் அசல் பத்திரம் பாங்கியில் இருக்கும். கடனைக் கட்டி முடித்தும் பத்திரம் கைக்கு வராமல் பல பேர் நடையாய் நடந்தது உண்டு.

இதற்கு ரிசர்வ் பாங்கி ஒரு முடிவு கட்டியது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் உத்தரவு போட்டது. தாமதம் பாங்கியின் குற்றமாக இருந்தால், ஒவ்வொரு நாளுக்கும் 5 ஆயிரம் ரூபாய் கடன்காரருக்குக் கொடுக்கவேண்டும்! 2023-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி முதல் இது நடைமுறைக்கு வந்தது.

இருந்தாலும் அந்த 30 நாளைக் கெடுவில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழி

முதலில் விற்பது, முதலில் வாங்குவது என்ற இரண்டு வழிகளைப் பார்த்தோம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. பணம் அளவாக இருக்கும் குடும்பங்களுக்கு இதுவே ஏற்றது.

அது என்ன?

முதலில், வீடுகளைப் பார்க்கவேண்டும். பார்ப்பதோடு சரி. அட்வான்சு கொடுக்கக்கூடாது! எந்தப் பகுதியில் என்ன விலை, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கோடைகாலத்தில் தண்ணீர் கிடைக்குமா, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளவேண்டும். பிடித்த வீடு மூன்று நான்காவது கணக்கில் இருக்கவேண்டும். ஒரே வீட்டின்மேல் ஆசை வைத்தால் அவசரம் வந்துவிடும்.

இரண்டாவது, இருக்கும் வீட்டுக்கு ஆள் பார்த்து, விலை பேசி, விற்பனை ஒப்பந்தம் எழுதவேண்டும். கிரயம் அல்ல, ஒப்பந்தம்! கிரயம் முடியும்வரை வீடு உங்களுடையதுதான். அதில் நீங்களே குடியிருக்கலாம்.

மூன்றாவது, அந்த ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே புது வீட்டுக்கு அட்வான்சு கொடுக்கவேண்டும்.

இதில் மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. விற்கும் கெடு முன்னால் இருக்கவேண்டும். வாங்கும் கெடு பின்னால் இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

பழைய வீட்டைக் கிரயம் செய்து கொடுக்க மே மாதம் 31-ந் தேதி கெடு என்றால், புது வீட்டைக் கிரயம் வாங்க ஜூன் மாதக் கடைசி வரை கெடு இருக்கவேண்டும். உங்கள் வீட்டை வாங்குகிறவர் 10 நாள் தாமதித்தாலும் உங்கள் தலை தப்பும். இதைத் தலைகீழாக எழுதிக்கொண்டவர்கள்தான் வட்டிக்கு அலைகிறார்கள்.

இன்னொன்று. வாங்கிய அட்வான்சைவிட, கொடுக்கும் அட்வான்சு அதிகமாக இருக்கக்கூடாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதவேண்டும்?

வாய்ப்பேச்சு உதவாது. "நமக்குள் என்ன எழுத்து?" என்று சொல்பவரிடம்தான் கட்டாயம் எழுதி வாங்கவேண்டும். தமிழ்நாட்டில் 2012-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி முதல், வீடு, நிலம் விற்பனை ஒப்பந்தங்களையும் பத்திரப் பதிவு ஆபீசில் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

எவ்வளவு காலம் கெடு என்பது முதல் விஷயம். பலர் வழக்கத்தை ஒட்டி 3 மாதம் என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த வீடு தேடவேண்டியவருக்கு 5 மாதமோ 6 மாதமோ தேவைப்படும். அதைக் கேட்டு வாங்கவேண்டும். அதற்காக விலையில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. 6 மாத வாடகையும் ஒரு வண்டிக் கூலியும் மிச்சம்!

நம் வழக்கங்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பலர் குடிபோக மாட்டார்கள். பள்ளிக்கூடங்கள் ஜூன் மாதம் திறக்கின்றன. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வசதியான காலம் சித்திரையும் வைகாசியும்தான். தை மாதத் தொடக்கத்தில் ஒப்பந்தம் எழுதினால் வைகாசிக்குள் வேலை முடியும்.

கிரயம் முடிந்த பிறகும் ஒரு மாதம் பழைய வீட்டில் இருந்துகொள்ள வாங்குகிறவர் சம்மதித்தால், அதையும் எழுதவேண்டும். எந்தத் தேதியில் காலி செய்வது, அதுவரை வாடகை எவ்வளவு, தேதி தாண்டினால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று விவரமாக இருக்கவேண்டும்.

வாங்குகிறவர் பாங்கிக் கடனை நம்பி இருக்கிறாரா என்று கேட்கவேண்டும். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்சு என்ன ஆகும் என்பதையும் எழுதவேண்டும். நீங்கள் வாங்கும் வீட்டுக்கும் இதே கேள்வி உண்டு என்பதை மறக்கக்கூடாது.

ரொக்கமாக அட்வான்சு வேண்டாம். வீடு, நிலம் விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015-ம் ஆண்டு ஜூன் முதல் தடை இருக்கிறது. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் போட முடியும்!

மனம் மாறினால்?

ஒப்பந்தம் எழுதிய பிறகு, "அடுத்த வீடு கிடைக்கவில்லை. அதனால் நான் விற்கவில்லை" என்று சொல்லமுடியுமா?

முடியாது! ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கும்படி வாங்குகிறவர் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு அவருக்கு 3 வருஷம் அவகாசம் உண்டு. 2018-ம் ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தம் அவருடைய கையை இன்னும் பலப்படுத்தி இருக்கிறது.

அதேபோல், நீங்கள் வாங்கும் வீட்டுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், உங்கள் அட்வான்சு போய்விடக்கூடும். கையெழுத்துக்கு முன் ஒருநாள் பொறுத்து, வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுவது நல்லது.

வரிக்கும் கெடு உண்டு

வீடு விற்று லாபம் வந்தால் அந்த லாபத்துக்கு வருமானவரி உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, 2024-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதியோ அதற்குப் பிறகோ விற்ற வீட்டின் லாபத்துக்கு 12½ சதவீதம் வரி. அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய வீடாக இருந்தால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் என்ற கணக்கும் உண்டு. எது குறைவோ அதைக் கட்டலாம்.

ஆனால் அந்த லாபத்தை இந்தியாவிலேயே இன்னொரு வீட்டில் போட்டால் வரிச் சலுகை கிடைக்கும். இந்தச் சலுகை, முதலில் விற்பவருக்கும் உண்டு. முதலில் வாங்குபவருக்கும் உண்டு. கெடுதான் வேறு.

முதலில் விற்றவர், விற்ற நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கவேண்டும். கட்டுவதாக இருந்தால் 3 வருஷம். முதலில் வாங்கியவர், வாங்கிய ஒரு வருஷத்துக்குள் பழைய வீட்டை விற்றுவிடவேண்டும். ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்!

விற்ற பணத்தில் இன்னும் வீடு வாங்கவில்லை. வருமானவரிக் கணக்குக் கொடுக்கும் தேதி வந்துவிட்டது. என்ன செய்வது? பாங்கியில் இதற்கென்று "மூலதன லாபக் கணக்கு" என்று ஒன்று இருக்கிறது. 1988-ம் ஆண்டு ஏற்பட்ட திட்டம் இது. லாபத்தை அதில் போட்டுவிட்டால் சலுகை காப்பாற்றப்படும். அந்தப் பணத்தை வீட்டுக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. கைமாற்றுக் கேட்டு வருபவரிடம் சொல்வதற்கு, இதைவிட நல்ல பதில் வேறு என்ன வேண்டும்?

மற்ற நாடுகளில் எப்படி?

இந்தச் சங்கடம் நம் ஊரில் மட்டும்தானா? இல்லை. உலகம் முழுவதும் உண்டு!

இங்கிலாந்தில் இதற்குச் "சங்கிலி" என்றே பெயர். ஒருவர் தம் வீட்டை விற்றால்தான் அடுத்த வீட்டை வாங்க முடியும். அந்த வீட்டுக்காரரும் தம் வீட்டை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கக் காத்திருப்பார். இப்படி நான்கைந்து குடும்பங்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருவர் பின்வாங்கினால் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். இரு தரப்பும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும்வரை யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

சங்கிலி அறுகாமல் இருந்தால், பல குடும்பங்கள் ஒரே நாளில் வீடு மாறுவார்கள். சாமான்களை ஏற்றிய வண்டி புது வீட்டு வாசலில் நிற்கும். பழைய வீட்டின் பணம் வந்து சேர்ந்தது என்று வக்கீல் சொன்ன பிறகே சாவி கைக்கு வரும்!

தமிழர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், அரசாங்கமே இதில் தலையிட்டு இருக்கிறது. ஒரு வீடு இருக்கும்போதே இன்னொன்று வாங்கும் குடிமக்களுக்கு, 2023-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி முதல் கூடுதல் முத்திரைத் தீர்வை 20 சதவீதம் ஆக்கப்பட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கி, பழைய வீட்டை 6 மாதத்துக்குள் விற்றுவிட்டால், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை விற்றவர், அடுத்த வீடு தயாராகும்வரை, வாங்கியவர் சம்மதித்தால் 3 மாதம் வரை அதிலேயே தங்கிக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது.

அங்கே சட்டத்தில் இருப்பதை, இங்கே நாமே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். வேறுபாடு அவ்வளவுதான்.

யாருக்கு எந்த வழி?

முதலில் வாங்குவது யாருக்கு ஏற்றது? பழைய வீடு ஒரு வருஷம் விற்காமல் நின்றாலும், தவணையையும் வட்டியையும் கட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவருக்கு ஏற்றது. மாதச் சம்பளத்தில் இது முடியாது என்றால் அந்த ஆசையை விட்டுவிடவேண்டும்.

முதலில் விற்பது யாருக்கு ஏற்றது? ஊரை விட்டே மாறிப் போகிறவர்களுக்கு ஏற்றது. புது ஊரில் 6 மாதம் வாடகைக்கு இருந்து, தெருவும் தண்ணீரும் எப்படி என்று தெரிந்த பிறகு வாங்குவதே புத்திசாலித்தனம். கடன் சுமை தாங்காமல் சின்ன வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதுவே சரி.

கட்டிக்கொண்டு இருக்கும் அடுக்கு மாடியில் வீடு வாங்குகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். "அடுத்த தீபாவளிக்குச் சாவி" என்பார்கள். அதை நம்பி, இருக்கும் வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போனால், எத்தனை தீபாவளி ஆகும் என்று சொல்லமுடியாது. 2016-ம் ஆண்டு வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமானக்காரர் வாங்கக்கூடாது. சாவி கொடுக்கும் தேதியும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

மற்றவர்களுக்கெல்லாம் நடுவழிதான் நல்ல வழி. பார்ப்பது முதலில். விற்க ஒப்பந்தம் அடுத்தது. வாங்க அட்வான்சு அதற்குப் பிறகு!

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கும் ஒரே வீட்டை விற்றுப் பணத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, "அவர்கள் வாங்கும் வீட்டில் இருந்துகொள்வோம்" என்று நினைப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனாலும், பழைய வீட்டின் பணம் எவ்வளவு போகிறதோ, அதற்குத் தக்க பங்கு புது வீட்டுப் பத்திரத்தில் பெற்றோர் பெயரில் இருக்கவேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதினால் இன்னும் நல்லது.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். தனி வளையைத் தேடிக்கொள்வது பெரிய காரியம்தான். அதை விட்டுப் புறப்படுவது அதைவிடப் பெரிய காரியம். கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தாளில் கணக்கு எழுதி, காலண்டரில் இரண்டு கெடுத் தேதிகளையும் குறித்துப் பார்க்கட்டும்.

விற்கும் தேதி முன்னாலும் வாங்கும் தேதி பின்னாலும் இருந்தால், துணிந்து கிளம்பலாம்!